மின்னூர்தியும் மலைநகர் இல்லமும்

கண்டி மாநகருக்கு வடக்கே மகாவலி கங்கையின் கரையில் அமைந்த ஊர் கட்டுகஸ்தோட்டை. சிங்கள மொழியில் 'கட்டு' என்பது முள்ளையும், 'கஸ்' என்பது மரங்களையும், 'தொட்ட' என்பது ஆற்றைக் கடக்கும் துறையையும் குறிப்பன. முள்மரத்துறை என்று தமிழிற் பெயர்க்கலாம். அன்று ஓடத்தாற் கடந்த துறையை இன்று பாலத்தாற் கடக்கின்றனர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி இவ்வூரைக் கடந்தே அக்குறணை, மாத்தளை வழியாக வடக்கு நோக்குகின்றது. குருநாகல் வழியே புத்தளம் செல்லும் ஏ10 வீதி இவ்வூரிலேயே தொடங்குகின்றது. பெருவீதிகள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தை நாடிச் செல்ல, மக்கள் குடியிருக்கும் இல்லங்களோ இருமருங்குமுள்ள குன்றுகளின் சரிவில் ஏறி நிற்கின்றன. ஒடுங்கிய கொங்கிறீற்று ஒழுங்கைகள் அவ்வில்லங்களை வீதியோடு இணைக்கின்றன. இத்தகைய ஊரில் வாழும் ஒரு குடும்பம் மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் வண்டி ஒன்றை வாங்க எண்ணுமாயின், அது கேட்க வேண்டிய வினாக்கள் கொழும்பின் சமதரையிற் கேட்கப்படும் வினாக்களின் வேறானவை.

இன்று இவ்வினாவை எழுப்புவோர் பலர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய வண்டிகளே மேலும் பழையனவாகி மேலும் விலையேறின. அக்காலத்திலேதான் 2022ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகளும் நிகழ்ந்தன. அவ்வரிசைகளிற் பகலிரவாக நின்ற குடும்பத்தலைவர்கள், பெற்றோல் வேண்டாத வண்டி ஒன்று கிடைத்தால் எத்துணை நன்று என்று எண்ணியது இயல்பே. ஆயினும் அதே 2022ஆம் ஆண்டின் மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டதையும் மறத்தலாகாது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக மிகப் பெரிய செலவு ஊர்தியே. ஆசிரியர் ஒருவரின் சேமிப்பும், ஓய்வூதியத்தின்மேற் பெற்ற கடனும், வெளிநாட்டிலுள்ள மகனின் உதவியும் ஒருங்கே அதிற் சென்று சேர்கின்றன. அதனைப் பிழையாகத் தெரிந்துகொண்டோர் பத்தாண்டு அதன் சுமையைத் தாங்க வேண்டும்.

இப்போது வரும் மின்னூர்திகளுட் குடும்பங்கள் பெரிதும் விரும்புவது குறோஸோவர் என்னும் வகை. சிறு காரின் உடலமைப்பை அடியாகக் கொண்டு, அதன் தரையையும் இருக்கையையும் உயர்த்திச் செய்த வண்டி அது. பழைய ஜீப்பு வண்டிக்குத் தனியே ஓர் இரும்புச் சட்டகம் உண்டு. அதன்மேல் உடல் ஏற்றப்படும். குறோஸோவருக்கு அத்தகைய சட்டகம் இல்லை. இலங்கையிலோ உயரமான வண்டி யாவற்றையும் மக்கள் ஜீப்பு என்றே வழங்குவர். ஆதலின் இச்சொல் விளம்பரங்களில் வாழ்ந்து, வழக்கில் வாழாதொழிந்தது. பெற்றோலும் மின்னும் கலந்தோடும் ஹொண்டா வெசெல் இவ்வகையில் இந்நாட்டவர் நன்கறிந்த வண்டி. இன்று அதன் இடத்தை நாடி வருவன சீன, கொரிய, யப்பானிய மின்வண்டிகள்.

விற்பனையாளர் முதலிற் கூறுவது ஒரு மின்னேற்றத்தில் வண்டி ஓடும் தூரத்தையே. வாங்குவோர் முதலில் ஐயுற வேண்டுவதும் அதனையே. பி.வை.டி. நிறுவனத்தின் அற்றோ 3 என்னும் வண்டியில் 60.48 அலகு கொள்ளும் பற்றரி பொருத்திய வகை ஒன்று உண்டு. அதே பற்றரி கொண்ட வண்டி சீன நாட்டுச் சோதனைமுறையில் 510 கிலோமீற்றரும், ஐரோப்பாவின் பழைய முறையில் 480 கிலோமீற்றரும், அக்கண்டத்தின் புதிய முறையில் 420 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கூறப்படுகின்றது. வண்டி மாறவில்லை, அளவுகோலே மாறியது. இதனினும் வியப்பான எடுத்துக்காட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த முதலாவது நிசான் லீவ். யப்பானிய முறையில் 200 கிலோமீற்றர் எனப்பட்ட அவ்வண்டி, அமெரிக்க அரசின் முறையில் 117 கிலோமீற்றரே ஓடுவதாகக் கணிக்கப்பட்டது. யப்பானிய எண்ணை நம்பி வாங்கியவர் இலங்கையிற் கண்டது அமெரிக்க எண்ணை ஒட்டியதே. ஆகவே கேட்க வேண்டியது 'எவ்வளவு தூரம்?' என்பதன்று, 'பற்றரியின் கொள்ளளவு எத்தனை அலகு?' என்பதே. அலகு என்பது ஈண்டு வீட்டு மின்பட்டியலில் எழுதப்படும் அதே கிலோவாற்று மணி. குடும்ப அளவான மின்வண்டி சமதரையில் நூறு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 15 அலகு கொள்ளும். எந்த விளம்பரமும் மாற்ற இயலாத கணக்கு இது.

மலைநாட்டார் உடனே எழுப்பும் தடை, ஏற்றம் பற்றியது. ஏற்றத்தில் மின் முழுதும் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. இதனைப் பாடசாலைப் பௌதிகத்தாலேயே தீர்க்கலாம். 1,700 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஐவரும் பொதிகளும் ஏறினால் மொத்தம் 2,000 கிலோகிராம் எனக் கொள்க. அதனை 100 மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டிய அழுத்தசத்தி 2,000 × 9.8 × 100, அதாவது 19.6 இலட்சம் யூல். ஓர் அலகு 36 இலட்சம் யூல் ஆதலின், இது 0.54 அலகு. மோட்டரிலும் பற்சில்லிலும் நேரும் இழப்பைச் சேர்த்தால் 0.6 அலகு எனலாம். வீதியிலிருந்து 60 மீற்றர் உயரத்திலுள்ள வீட்டுக்கு முழுச் சுமையுடன் ஏறுவதற்கு ஏறத்தாழ 0.36 அலகே மேலதிகமாகச் செலவாகும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் 500 மீற்றருக்கோ 3 அலகு. இது சமதரையில் 20 கிலோமீற்றர் ஓடுவதற்கு நிகர். கடுகண்ணாவை ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் கடவத்தை நெரிசலைக் கண்டு அஞ்சுவதில்லை.

ஆயினும் அச்சம் முற்றிலும் வெறுமையானதன்று. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு; உயரவேறுபாடு 1,400 மீற்றர் வரை. ஓட்டத்துக்கு 12 அலகும், ஏற்றத்துக்கு 8 அலகுக்குச் சற்று மேலும் வேண்டும். ஆக மொத்தம் 20 அலகு. 60 அலகுப் பற்றரிக்கு இது மூன்றிலொரு பங்கு. 50 அலகுப் பற்றரிக்கு ஐந்தில் இரண்டு பங்கு. 24 அலகு கொண்ட முதல் லீவுக்கோ, புதிதாயிருந்த நாளிற்கூட, ஏறக்குறைய முழு உயிரும். ஒரே மலைப்பாதை ஒரு வண்டிக்கு உலாவாகவும் மற்றொன்றுக்குச் சோதனையாகவும் அமைதல் காண்க. மலைநகர்க் குடும்பத்தின் ஒரே வண்டியாக இருக்க வேண்டுமாயின் பற்றரி 50 அலகுக்குக் குறையாதிருத்தல் நன்று என்பது இக்கணக்கிலிருந்து பெறப்படும்.

இறக்கத்தில் நிகழ்வது பெற்றோல் வண்டிக்கு என்றும் வாய்க்காதது. மின்வண்டியின் மோட்டர், சில்லுகளால் சுழற்றப்படும்போது மின்பிறப்பாக்கியாக மாறி, இறங்கும் வண்டியின் சத்தியைப் பற்றரிக்கே திருப்புகின்றது. ஏற்றத்திற் செலவானதிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி இவ்வாறு மீளலாம். பிறேக்குக் கட்டைகள் தேய்வதும் குறைகின்றது. ஆனால் இதில் ஒரு நுட்பமுண்டு. நிரம்பிய குடத்தில் நீர் ஊற்ற இயலாததுபோல, முழுதும் மின்னேற்றிய பற்றரி மேலும் மின்னை ஏற்காது. குன்றின் உச்சியிலுள்ள வீட்டில் இரவு முழுதும் மின்னேற்றி, காலையில் நூற்றுக்கு நூறாக இறங்கத் தொடங்கினால், மீட்கும் வசதி முதல் இறக்கத்திற் குறைந்துபோகும்; ஓட்டுநர் எதிர்பார்த்த இழுப்பு இல்லாமற் பிறேக்கையே நம்ப வேண்டிவரும். குன்றின் அடியில் வாழ்வோருக்கு இந்தக் கவலை இல்லை. மேலே வாழ்வோர் எண்பது அல்லது தொண்ணூறு வீதத்தில் மின்னேற்றத்தை நிறுத்தும் வழக்கத்தைக் கொள்வது தக்கது. அவ்வாறு நிறுத்தும் அமைப்பு வண்டியில் உண்டோ என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை வீதம் ஏற்றலாம் என்பது பற்றரியின் இரசாயனத்தையும் பொறுத்தது. இன்றைய வண்டிகளில் இருவகை இலிதியம் பற்றரிகள் காணப்படுகின்றன. நிக்கல், மங்கனீசு, கோபாற்று ஆகியன சேர்ந்தது ஒன்று. இரும்பும் பொசுபேற்றும் சேர்ந்தது மற்றொன்று. முன்னையது குறைந்த எடையில் மிகுந்த மின்னைக் கொள்ளும். ஆயின் எப்போதும் நிரம்பி நிற்பதை விரும்பாது. நாளாந்தப் பாவனைக்கு எண்பது வீதமே உகந்தது. பின்னையது சற்றுப் பாரமானது. வெப்பத்தால் தீப்பற்றும் இயல்பு குறைந்தது. ஏற்றி இறக்கும் சுற்றுகள் பலவற்றைத் தாங்குவது. அதன் அழுத்தம் நிறைவிலும் குறைவிலும் பெரிதும் மாறாதிருத்தலின், வண்டியின் கணிப்பான் வழிதவறாதிருக்க இடையிடையே நூறு வீதம் ஏற்றும்படி உற்பத்தியாளர் கூறுவர். குன்றின் உச்சியில் வாழ்வோர் அந்த ஒருநாளை மட்டும் நினைவிற் கொண்டு மெல்ல இறங்கினாற் போதும். கடுங்குளிர் இரும்புப் பற்றரிக்குப் பகை. கண்டிக்கு அக்குளிர் இல்லை. பத்தாண்டு வைத்திருக்க எண்ணும் கண்டிக் குடும்பத்துக்கு இவ்வகையே பொருந்துவது எனலாம்.

பற்றரிக்கு உண்மையான பகை வெப்பம். இதற்கு லீவ் வண்டியின் வரலாறே சான்று. 2015ஆம் ஆண்டில் மின்வண்டிகளின் மீதான வரி குறைக்கப்பட்டபோது, யப்பானில் ஓடிய லீவ் வண்டிகள் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்தன. அவ்வாண்டின் இறுதி வரவுசெலவுத் திட்டத்தோடு அவ்வாய்ப்புச் சுருங்கியது. அவ்வண்டியின் பற்றரியைக் குளிர்விக்க நீரோ விசிறியோ இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெயிலிற் பற்றரி விரைந்து மெலிந்ததென 2012ஆம் ஆண்டிலேயே உரிமையாளர் முறையிட்டனர். அவ்வண்டியின் முகப்பில் பற்றரியின் நலனைக் காட்டும் பன்னிரண்டு பட்டைகள் உண்டு. முதற் பட்டை மறையும்போது கொள்ளளவிற் பதினைந்து வீதம் போயிருக்கும். பின்னர் மறையும் ஒவ்வொன்றும் ஆறு வீதத்துக்குச் சற்று மேல். எட்டுப் பட்டைகள் எஞ்சிய 24 அலகு வண்டியில் உள்ளது 16 அலகுக்கும் குறைவு. அத்தகைய வண்டி பயனற்றதன்று. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசென்று மீள்வதற்கும், மாத்தளைக்குப் போய்வருவதற்கும் அது போதும். ஆனால் அது வீட்டின் இரண்டாவது வண்டியாகவே இருக்கத் தக்கது. பட்டைகளைச் செயற்கையாக மீளமைத்து விற்போரும் உளராதலின், லீவ்ஸ்பை என்னும் கைபேசிச் செயலியால் உள்ளெண்களைப் படித்தறியாமல் வாங்குதல் தகாது. 2025ஆம் ஆண்டில் வெளியான மூன்றாந் தலைமுறை லீவ், தானே ஒரு குறோஸோவராக மாறியதோடு, திரவத்தாற் குளிரும் பற்றரியையும் பெற்றது. உற்பத்தியாளர் பதினைந்தாண்டு கற்ற பாடத்தை வாங்குவோர் ஒரே வினாவிற் பெறலாம்: பற்றரியைக் குளிர்விப்பது யாது?

இனி, வண்டியைப் பற்றிய வினாக்களினும் முதன்மையானது வீட்டைப் பற்றியது. காட்சியறையில் மின்வண்டி ஒரு பொருள். இரவில் அது தங்கும் இடத்திலேயே ஊர்தியாகின்றது. சொந்த முற்றம் வரை வண்டி ஏறுமா? ஒழுங்கையின் அடியில், அயலவர் மதிலோரம் நிறுத்திவிட்டுப் படிகளில் ஏறிச் செல்லும் வீடுகள் இப்பகுதியிற் பல. அத்தகைய வீட்டார்க்கு மின்வண்டி உகந்ததன்று என்று கூறுவதே நேர்மை. நகரிலுள்ள பொது மின்னேற்றிகளை மாத்திரம் நம்பி வாழ்வது, கிணறு இருந்தும் நாள்தோறும் தண்ணீர் விலைக்கு வாங்குவது போலாம். அவர்களுக்குப் பெற்றோலும் மின்னும் கலந்த வண்டியே இன்னும் சில காலத்துக்குத் துணை.

முற்றம் உடையோர் அடுத்துப் பார்க்க வேண்டுவது மின்னிணைப்பு. இலங்கையில் வீடுகளுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவது 230 வோல்ற்று, 30 அம்பியர், தனி அவத்தை இணைப்பு. விற்பனையாளர் சுவரிற் பொருத்தித் தரும் 7 கிலோவாற்று மின்னேற்றி தனியே 32 அம்பியர் வரை இழுக்கும். அதனைத் தாங்க மூவவத்தை இணைப்புக்கு விண்ணப்பித்தல் வேண்டும். ஆனால் எத்தனை குடும்பங்களுக்கு அது உண்மையில் தேவை? 10 அம்பியர் மட்டும் இழுக்கும் சிறு மின்னேற்றி மணிக்கு 2.3 அலகு தரும்; ஏழு மணிநேரத்தில் 16 அலகு, அதாவது நூறு கிலோமீற்றர் ஓட்டம். நாளொன்றுக்கு முப்பது கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு இதுவே மும்மடங்கு மிகை. விரைவின் மோகத்தில் வீட்டுக் கம்பிகளை எல்லாம் மாற்றிப் பெருஞ்செலவு செய்தோர், பின்னர் அவ்வேகத்தை மாதம் ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை. செலவு செய்யத்தக்க இடம் வேறு. பிரதான பலகையிலிருந்து மின்னேற்றிக்கென்றே தனிக் கம்பி இழுத்தல், மின்கசிவு நேர்ந்த கணமே துண்டிக்கும் ஆளி பொருத்துதல், நல்ல புவித்தொடுப்பு அமைத்தல் என்னும் மூன்றுமே அவ்விடம். மலைநாட்டிற் பாறைமேல் அமைந்த முற்றங்களில் புவித்தொடுப்புக் கோல் ஆழ இறங்காது, ஈரமும் நில்லாது. தகுதிபெற்ற மின்வினைஞர் கருவி வைத்து அளந்து சொல்லாமல் அதனை ஏற்கலாகாது. யன்னலூடாக நீட்டிய கம்பியில் இரவு முழுதும் மின்னேற்றுதல் தீயை அழைத்து வைப்பதே.

மின்கட்டணமும் ஈண்டு நோக்கற்பாலது. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும். மாதம் 100 அலகு பாவிக்கும் வீட்டில் 900 கிலோமீற்றர் ஓடும் மின்வண்டி புகுந்தால், ஏறத்தாழ 140 அலகு சேர்ந்து, மொத்தம் மேற்படிக்குத் தாவிவிடும். இதற்கு மாற்றாக வகுக்கப்பட்டது நேரத்துக்கேற்ற கட்டணமுறை. மாலை 6.30 முதல் 10.30 வரை மிகுந்த விலை, இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை குறைந்த விலை. வண்டி தானே நேரம் பார்த்து மின்னேற்றத் தொடங்கும் வசதி இருப்பின், வீட்டார் நித்திரை கொள்ள, அது மலிந்த மின்னை அருந்தும். வீட்டின் பிற வேலைகளோ, சமையல், மின்னழுத்தி, பிள்ளைகளின் படிப்பு யாவும், விலைமிகுந்த மாலைப்பொழுதிலேயே நிகழ்கின்றன. ஆகவே இம்முறைக்கு மாறுவது எல்லா வீட்டுக்கும் இலாபம் என்று கொள்ளலாகாது. கட்டண வீதங்கள் அடிக்கடி திருத்தப்படுதலின், வாங்கும் மாதத்து வீதத்தைக் கேட்டறிந்து, கடந்த மின்பட்டியல்களை வைத்துக் கணக்கிடுதல் வேண்டும்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிவதும் பயனுடைத்து. கட்டுகஸ்தோட்டைக்குச் சற்றுக் கீழே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்குத் திருப்பப்படுகின்றது; அங்கே 1976ஆம் ஆண்டு முதல் 40 மெகாவாற்று மின்னிலையம் இயங்குகின்றது. ஆற்றின் கீழே விக்ரோறியாவும், மேலே கொத்மலையும் ஒவ்வொன்றும் இருநூறு மெகாவாற்றைத் தாண்டுவன. எனவே மழை நன்கு பெய்த ஆண்டில் இவ்வூரின் மின்வண்டி ஓரளவுக்குத் தன் ஆற்றின் நீராலேயே ஓடுகின்றது எனலாம். வரண்ட மாதங்களில் அவ்வாறன்று. அப்போது நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமே பெருஞ்சுமை தாங்கும். நிலக்கரியோ கப்பலேறி வருவது. பெற்றோல் வரிசைக்குத் தப்புவதற்காக மின்வண்டி வாங்குவோர், ஒரு கப்பலிலிருந்து இறங்கி மற்றொரு கப்பலையே எதிர்நோக்குகின்றனர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடெங்கும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின்னிலையத்திற் புகுந்த ஒரு குரங்கே காரணம் என முதலிற் கூறப்பட்டது. இலங்கைக்கும் வானரத்துக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை போலும்!

நகையாடலுக்கு இடமில்லாத நாள்களும் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு பெய்த பெருமழையால் கண்டி மாவட்டத்தில் மண்சரிவும் வெள்ளமும் பேரழிவை விளைத்தன. வீதிகள் துண்டுபட்டன, மின்சாரம் பல இடங்களில் நாட்கணக்கில் வரவில்லை. அவ்வேளையில் பற்றரியில் எஞ்சியிருந்த மின்னே வண்டியின் மின். மண்ணெண்ணெய்ப் போத்தல்போலக் கடையில் வாங்கிவர இயலாது. ஆகவே மழை எச்சரிக்கை வெளியான மாலையிலேயே வண்டியை நிரப்பி வைத்தல் மலைநாட்டார் கைக்கொள்ள வேண்டிய வழக்கம். மறுபுறம், வண்டியின் மின்னை வெளியே எடுத்துப் பாவிக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. மேற்குறித்த அற்றோ 3இலும் அவ்வசதி உள்ளது. 50 அலகுப் பற்றரியிற் பாதியை ஒதுக்கினாற்கூட, சில விளக்குகளையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியையும் கைபேசிகளையும் பல நாள் பேணலாம். இன்சுலின் மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய முதியவர் வாழும் வீட்டில், இந்த ஒரு வசதி வண்டியின் நிறத்தினும் திரையின் அகலத்தினும் பெறுமதி மிக்கது.

வெள்ளம் இப்பகுதிக்குப் புதிதன்று. பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகர வீதி நீரில் மூழ்குவது பலமுறை நிகழ்ந்துள்ளது. மின்வண்டியின் பற்றரி நீர்புகாவாறு மூடப்பட்டிருத்தல் உண்மையே. எனினும் அது தரைக்கடியில் வண்டியின் வயிற்றை மூடிக் கிடக்கின்றது. நீரினும் கல்லே அதற்குப் பகை. செங்குத்தான ஒழுங்கை சமதரையைச் சந்திக்கும் முனையிலும், வடிகாலின் மேற்போட்ட பலகையிலும் வயிறு உரசும் வண்டி ஒருநாள் பெருஞ்செலவைத் தரும். குறோஸோவரின் உயரம் பயன்படுவது இங்கேதான். ஆனால் பெயரளவிற் குறோஸோவராயிருந்து, தரை இடைவெளியிற் சாதாரணக் காரை ஒத்தனவும் உள. ஐவர் ஏறிய பின் உள்ள இடைவெளியே கணக்கு. காட்சியறையில் வெறுமையாய் நிற்கும்போது உள்ளதன்று. காப்புறுதிப் பத்திரத்திற் பற்றரியின் அடிப்புறச் சேதம் அடங்குமா என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

குடும்பத்தவரின் உடலுக்கு இவ்வகை வண்டி பெரிதும் இசைவது. இருக்கை இடுப்பளவில் இருப்பதால் முழங்கால் நோவுடைய முதியவர் குனியாமலும், சேலை உடுத்த மகளிர் தடுமாறாமலும் ஏறி இறங்கலாம். நடுவே மேடில்லாத தட்டையான தரையாதலின் பின்னிருக்கையில் மூன்றாமவருக்கும் கால் வைக்க இடமுண்டு. குறையும் உண்டு. மின்வண்டிகள் பலவற்றில் மேலதிகச் சில்லு இல்லை. துளையை அடைக்கும் பசைப் போத்தலே உண்டு. மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் அப்போத்தல் போதலாம். யாழ்ப்பாணம் நோக்கிய நீள்பயணத்தில் இரவில் ரயரின் பக்கம் கிழிந்தால் அது போதாது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணத்துக்கு ஏறத்தாழ 50 அலகு வேண்டுமாதலின், 60 அலகு வண்டியாயினும் இடையில் ஒருமுறை நின்று மின்னேற்றிச் செல்வதே அறிவுடைமை.

அந்த மின்னேற்றும் இடத்தில் வண்டியின் வாயும் மின்னேற்றியின் முனையும் பொருந்த வேண்டும். பழைய யப்பானிய வண்டிகளுக்கு ஒருவகை, ஐரோப்பிய முறையிற் செய்தவற்றுக்கு ஒருவகை, சீன உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவற்றுக்கு மற்றொருவகை என முனைகள் வேறுபடும். முகவரல்லாதார் நேரே இறக்கிய சீன வண்டி மலிவாகக் கிடைப்பினும், அதன் முனை இங்குள்ள விரைவு மின்னேற்றியிற் பொருந்தாதிருக்கலாம். திரையிலுள்ள எழுத்துஞ் சீனமாயிருக்கலாம். பழுதுற்றால் மென்பொருள் திருத்துவார் இல்லாதிருக்கலாம். ஆவணங்களிலும் விழிப்பு வேண்டும். மின்வண்டியின் இறக்குமதி வரி மோட்டரின் கிலோவாற்று அளவையும் வண்டியின் வயதையும் கொண்டு கணிக்கப்படுகின்றது. 2025ஆம் ஆண்டில், 100 கிலோவாற்று எனப் பதிந்த மோட்டர்கள் உண்மையில் 150 கிலோவாற்றோ என்ற ஐயத்தால் சுங்கத்தினர் பெருந்தொகையான வண்டிகளைத் தடுத்து வைத்தனர். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. முற்பணம் செலுத்தியோர் காத்திருந்தனர். வாங்குவோர் பதிவுப் பத்திரத்தையும், மோட்டரின் மீது பொறித்த எண்ணையும், பற்றரிக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் இலங்கையிற் செல்லுபடியாகுமா என்பதையும் ஒப்புநோக்கிய பின்னரே முற்பணம் கொடுத்தல் வேண்டும்.

இவை யாவும் ஒத்துவந்த பின், ஓட்டிப் பார்ப்பது எஞ்சும். விற்பனையாளர் காட்டும் தட்டையான வீதியில் ஓட்டுதல் பயன்தராது. வண்டியைக் கட்டுகஸ்தோட்டைக்கே கொண்டுவரச் செய்து, தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் ஏற்றி, வீட்டு ஒழுங்கையின் அடியிற் பற்றரியின் வீதத்தைக் குறித்துக்கொண்டு ஏறுதல் வேண்டும். நடு ஏற்றத்தில் எதிரே முச்சக்கரவண்டி ஒன்று வர, நிறுத்திப் பின்வாங்கி, மீண்டும் புறப்படும்போது வண்டி உருளாமல் நிற்கின்றதா என்று பார்க்கலாம். வளைவில் ஒரே திருப்பத்திற் புகுகின்றதா, இருமுறை பின்வாங்க வேண்டுமா என்பதும் அப்போதே தெரியும். முற்றத்தில் நிறுத்திய பின், மின்னேற்றும் வாய் சுவர்ப்பக்கம் அமைகின்றதா, முற்றத்துப் பக்கம் அமைகின்றதா என்பதையும், மழையில் நனையாமற் கம்பியைச் செருக இயலுமா என்பதையும் கண்ட பிறகு விலை பேசத் தொடங்கலாம்.